கல்யாணத்துக்கு அத்தாட்சி

"கேள்வி லிஸ்டா? அதை விசாவுக்காகப் பொண்டாட்டி தேடறவனுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டான் லூர்துபிரகாஷ்.

புதுச்சேரி உப்பளத்தில் விசா பாரம் நிரப்பித் தரும் கமலக்கண்ணன் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவர். அந்தத் தாளை மடித்து டிராயருக்குள் வைத்துக்கொண்டார். பிரெஞ்சு கான்சலேட்டில் புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒருவரைப் பற்றி மற்றவரிடம் கேட்பார்கள், சேர்ந்து வாழ்கிறவர்கள்தானா என்று பார்ப்பார்கள் என்று மட்டும் எச்சரித்தார்.

லூர்துபிரகாஷுக்குச் சிரிப்புதான் வந்தது. கல்யாணமாகிப் பதினேழு வருஷம். பத்தாவது முடித்த மகள் இருக்கிறாள். இன்னும் என்ன அத்தாட்சி வேண்டுமாம்?

மனைவி ஜூலி பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவள். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். புதுச்சேரியில் அப்படிப்பட்ட பெண்ணைக் கட்டினால் பிரான்சுக்குப் போகலாம் என்பதால் அவளுக்கு எவ்வளவு கிராக்கி என்று ஊருக்கே தெரியும். வரதட்சணை ஒரு பைசா வாங்காமல் கட்டிக்கொண்டேன் என்று லூர்துபிரகாஷ் இன்றைக்கும் சொல்லிக்கொள்வான். கேட்கிறவர்களும் பெரிய மனசுதான் என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சிரிப்பார்கள்.

இப்போது மகளைப் பாரீஸில் படிக்கவைப்பதென்று முடிவாகிவிட்டது. ஜூலிக்கும் மகளுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது. விசா இவனுக்கு மட்டும்தான் வேண்டும். இவனோ வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, பைக்கையும் விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜூலி தயங்கித் தயங்கி, "என்ன கேப்பாங்கன்னு ஒரு தடவ பேசி வச்சிக்கலாங்க" என்றாள்.

அவன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பதினேழு வருஷமா உங்கூடக் குப்பை கொட்டுறேன். எனக்குத் தெரியாததா?"

மறுநாள் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஜூலியோடு கான்சலேட்டுக்குப் போனான். முதலில் ஜூலியைக் கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். அடுத்தது இவன்.

உள்ளே கண்ணாடி போட்ட ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி. மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"உங்க மனைவி காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பாங்க?"

"நான் எழுந்திரிக்கும்போது எழுந்துதான் இருப்பா மதாம்."

"எப்ப தூங்கப் போவாங்க?"

"நான் முன்னாடியே தூங்கிடுவேன்."

பிறந்த தேதியைக் கேட்டார். மே பதினொன்று என்று பளிச்சென்று சொன்னான். அது மகளுடையது.

மனைவிக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டதும் அவனுக்கு உற்சாகமே வந்துவிட்டது.

"வஞ்சிர மீன் குழம்பு. வாரத்துல நாலு நாள் எங்க வீட்டுல அதான்."

அதிகாரி முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். மீன் சாப்பிட்டால் தனக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று ஜூலி சொல்லியிருந்தாள். மனைவி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று அடுத்ததாகக் கேட்டார்.

"அவளுக்கு என்னா மதாம், இரும்பு மாதிரி இருக்கா."

ஆறு வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுவதும் அந்தத் தாளில் இருந்தது.

ஜூலியின் பதில்களோ வேறு ரகம். புருஷனுடைய சர்க்கரை மாத்திரையின் பெயர், சட்டை அளவு, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் குறட்டை விடுவான், டாக்டருக்குத் தெரியாமல் காபியில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்வான், எல்லாம் சொல்லியிருந்தாள். எதற்கும் யோசிக்கவில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கீங்களா? இல்ல, பிரிஞ்சு இருந்துட்டு விசாவுக்காகச் சேர்ந்து வந்திருக்கீங்களா?"

லூர்துபிரகாஷ் அவசர அவசரமாக ஆல்பத்தைப் பிரித்தான். அது பதினேழு வருஷத்துக்கு முந்தின சமாசாரம் என்று சொல்லி அவர் மூடிவைக்கச் சொன்னார். அவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஜூலியைக் கூப்பிட்டார்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்ததும் அவனுக்கு நிலைமை புரிந்தது. விசா இல்லையென்றால் அம்மாவும் மகளும் தங்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். வேலையும் பைக்கும் இல்லாமல் இவன் ஒருத்தன்தான் இங்கே கிடக்க வேண்டும்.

இவனையும் கூட்டிப் போக வேண்டும் என்று ஜூலி எதற்காக மன்றாடப் போகிறாள்? அவள் இடத்திலிருந்து யோசித்துப் பார்த்தான். ஒரு காரணமும் அகப்படவில்லை. நிஜமாகவே பயந்துவிட்டான்.

ஆனால் இரண்டே நிமிஷத்தில் ஜூலி வந்துவிட்டாள்.

"சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. வாங்க, போலாம்."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே பழைய மிடுக்கும் வந்தது.

"பார்த்தியா? எனக்கு அப்பவே தெரியும். உண்மையான கல்யாணத்த எவனும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். வாசல் தாண்டியதும்தான் கேட்கத் தோன்றியது. "ஆமா, உள்ள என்னா சொன்ன?"

ஜூலி கைப்பையை மூடிக்கொண்டே சொன்னாள்.

"உங்களப் பத்தி உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமே தெரியலையேன்னு கேட்டாங்க. ஒரே வீட்டுல பதினேழு வருஷம் இருக்கற புருஷனுக்கு இதெல்லாம் எப்படி மதாம் தெரியும்னு கேட்டேன். அந்தம்மாவும் கல்யாணம் ஆனவங்க போல. அதுக்கு மேல ஒரு கேள்வியும் கேக்கல."