காலி நூல்கண்டு

பேக்கரிக்காரருக்கு வேலை ராத்திரியில், தூக்கம் பகலில். அவர் உள்ளறையில் குறட்டை விட, கூடத்தில் அவர் மனைவி தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். குறட்டை சட்டென்று நின்றால் மூச்சும் நின்றுவிட்டது என்று அர்த்தம். உடனே ஒரு காலி நூல்கண்டை எடுத்து, குறி தப்பாமல் அவர்மேல் வீசுவாள். அவர் ஹக்கென்று மூச்சை இழுத்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்.

"இப்படியே விட்டா இதயம் தாங்காதும்மா" என்று சொல்லி, தூங்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு காற்று மெஷினை எழுதிக் கொடுத்தார் டாக்டர். அன்றிலிருந்து அவரிடம் சத்தமே இல்லை.

குறட்டை மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத சோபாவிலிருந்து வந்தது. நடுவில் நின்றது. பழக்கதோஷத்தில் அவள் நூல்கண்டை வீசினாள். சோபா ஹக்கென்று மூச்சை இழுத்துத் தொடர்ந்தது.

"ஏங்க, நம்ம சோபா குறட்டை விடுதுங்க."

"என்னைத்தான் இத்தனை வருஷம் அடிச்சு எழுப்பின. அதையாவது நிம்மதியா தூங்க விடேன்."

விட முடியுமா? நின்றபோதெல்லாம் வீசினாள்.

ஒரு மதியம் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவள், அப்படியே மெஷின்மேல் சாய்ந்து கண்ணயர்ந்தாள். முதுகில் ஏதோ பட்டென்று வந்து விழுந்தது. ஹக்கென்று மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

காலடியில் காலி நூல்கண்டு உருண்டது. உள்ளே அவர் முகமூடியோடு அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு மூச்சு சீராகும்வரை சோபா பொறுத்திருந்தது. பிறகு குறட்டையைத் தொடர்ந்தது.