லினக்ஸுக்கு எதுக்கு மாமா ஆன்டிவைரஸ்?

“லினக்ஸுக்கு எதுக்கு மாமா ஆன்டிவைரஸ்? கொசுவே இல்லாத வீட்டுக்குக் கொசுவலை கேக்கறீங்களே!”

மருமகள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை.

மாமனார் சிரிக்கவில்லை. “இருந்துட்டுப் போகட்டும்மா. போட்டுக் கொடேன்.”

முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஒரு ஒற்று விட்டுப் போனால் முதலாளியிடமே மல்லுக்கு நிற்பார். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யார் விண்ணப்பம், கட்டுரை என்று பென் டிரைவில் கொண்டுவந்தாலும் வாங்கித் திருத்துவார். திருத்தியதைத் தன் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய், கீழ்த்தளத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் பிரின்ட் எடுக்கக் கொடுப்பார்.

மருமகளுக்கு ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டதும் அவள்தான்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

“இருநூறு கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கறவ சொல்றா, நம்ப மாட்டீங்களா? இதையே வெளியாள் யாராவது சொன்னா மண்டையை மண்டையை ஆட்டுவீங்க!”

“நம்பலைன்னு நான் எப்போ சொன்னேன்?”

“பின்ன என்ன பிடிவாதம் இது?”

மருமகளின் முகம் சுண்டிப்போனது. “விடுங்க அத்தை. ஞாயித்துக்கிழமை போட்டுத் தரேன்.”

அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தாள்.

ஆன்டிவைரஸ் ஏறிவிட்டது. ஆனால் வைரஸ் பட்டியல் இறங்க மறுத்தது. ‘இதே வேலையை ஏற்கெனவே ஒருவர் செய்துகொண்டிருக்கிறார்’ என்ற பொருளில் ஒரு வரி வந்து நின்றது.

“யாரு அது, நம்ம வீட்டுக்குள்ள?” என்று மாமியார் எட்டிப் பார்த்தாள்.

“இதோட இன்னொரு பாதி அத்தை. அதுவே இதுக்கு முட்டுக்கட்டை போடுது.”

“மாமாவும் நானும் மாதிரின்னு சொல்லு.”

அதை நிறுத்தி, இதை ஓடவிட்டாள். பட்டியல் இறங்கியது. அடுத்து, பென் டிரைவைத் திறக்க அனுமதி இல்லை என்றது. அதையும் சரி பண்ணினாள். அதற்குள் பழைய கம்ப்யூட்டர் பாரம் தாங்காமல் அப்படியே உறைந்துபோனது. சாப்பாடு ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறியது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். “இது எந்நேரமும் முழிச்சிருக்க வேண்டாம் மாமா. பென் டிரைவைச் செருகிட்டு இந்தப் பட்டனை அமுக்குங்க. சோதிச்சுட்டு அது பாட்டுக்குத் தூங்கிடும்.”

மாமனார் மேஜை டப்பாவிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினார். பட்டனை அமுக்கினார்.

திரையில் மூன்று வரிகள் வந்தன. மூன்றும் வைரஸ்.

“அய்யய்யோ! கம்ப்யூட்டர் போச்சா?” மாமியார் பதறினாள்.

“ஒண்ணும் ஆகாது அத்தை. இது லினக்ஸைக் கடிக்காது. மத்த கம்ப்யூட்டருக்குத்தான் ஆபத்து.”

“அது எனக்கும் தெரியும்மா” என்றார் மாமனார்.

மருமகள் சட்டென்று திரும்பினாள். “தெரியுமா? அப்புறம் எதுக்கு மாமா ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“போன வாரம் கீழ டைப்பிங் கடை ரெண்டு நாள் மூடிக் கிடந்துச்சே... நான் என் பென் டிரைவைக் கொடுத்துட்டு மேல வந்து உக்காரல, அதுக்குள்ள அவங்க கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. அவங்களோட மொத்தப் பொழைப்பும் அது ஒண்ணுதான். யாரோ கொண்டுவந்த வைரஸ். இங்க ஒண்ணும் பண்ணாததால எனக்கும் தெரியல. என் கையாலயே கொண்டு போய்க் கொடுத்திருக்கேன்.”

மாமியார் மேஜை டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

“அதிலேருந்து கீழ போகவே கால் வரல. திருத்தினதெல்லாம் இந்த டப்பாவுலயே கிடக்கு.”

“இதை என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே மாமா?”

“நீ ஆசையா போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர். அதுலேருந்துதான் போச்சுன்னு உன்கிட்ட எப்படிம்மா சொல்றது?”

மருமகள் திரைப் பக்கம் திரும்பினாள். அந்த மூன்றையும் அழித்தாள். டப்பாவில் இருந்த மற்ற பென் டிரைவ்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். பிறகு எழுந்தாள்.

“வாங்க மாமா. இதெல்லாம் இனி தாராளமா கீழ போகலாம். நானும் கூட வரேன், சொல்லிட்டு வந்துடலாம்.”

கீழே டைப்பிங்காரம்மா யாருடைய விண்ணப்பத்துக்கோ பின் அடித்துக்கொண்டிருந்தாள். மாமனார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நாலு வாக்கியத்துக்குள் மூன்று தடவை தொண்டையைச் செருமினார்.

அவள் நிமிரவில்லை. கடைசித் தாளையும் சேர்த்துப் பின் அடித்துவிட்டு, ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“முதல்ல உக்காருங்க சார். உங்க பென் டிரைவ்லேருந்துதான் வந்துச்சுன்னு ரிப்பேர்காரர் அன்னைக்கே சொல்லிட்டார். உங்க காதுக்குப் போனா நீங்க திருத்திக் கொடுக்கறதையே விட்டுடுவீங்களேன்னு, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு நான்தான் அவர்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன்.”