பதினோராவது விரிசல்

பாரிஸ் சீமாட்டி ஞாயிறுதோறும் குடியானவள் வேஷம் கட்டி விளையாடக் குடிசை ஒன்றைப் புதிதாகக் கட்டினார்கள். அது பழசாகத் தெரிய, சுவரில் விரிசல் வரைவது என் வேலை. பதினோராவது விரிசலை வரைந்து முடித்ததும் ஒரு பல்லி ஓடிவந்து அதற்குள் நுழைந்துகொண்டது. பால் கறக்கும் பெரின் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வெறும் சாயம்.

அடுத்த ஞாயிறு சீமாட்டிக்கு அந்த விரிசல் பிடிக்கவில்லை. சுண்ணாம்பு அடித்து மறைத்தேன்.

“அடப்பாவி மனுஷா, பல்லி உள்ளதானே இருக்கு! என் வீட்டு நிஜ விரிசலை அடைன்னா மட்டும் உனக்கு இடுப்பு வலி!”

பெரின் பத்து நாள் விடாமல் நச்சரித்தாள். தாங்க முடியாமல் அதே இடத்தில் விரலளவுக்கு மறுபடி வரைந்தேன். சாயம் காய்வதற்குள் பல்லி வெளியே வந்தது. பின்னாலேயே மூன்று குஞ்சுகள்.

“குடும்பமே ஆயிடுச்சு!” என்று பெரின் கைதட்டினாள்.

குஞ்சுகள் மூன்றும் சுண்ணாம்பு வெள்ளையில் இருந்தன.