கழுத்து நிறைய

மருத்துவக் காப்புறுதிச் சந்தா கட்ட முடியாத வயதானவர்களுக்கு உதவ, மலேசியாவின் லாபிஸ் நகரக் கோயில் மண்டபத்தில் ஒரு சங்கம் முகாம் போட்டிருந்தது. செயலாளர், வரிசையில் நின்ற மூதாட்டி செல்லத்தின் விண்ணப்பப் பாரத்தைப் பார்த்தார்; பிறகு கழுத்தைப் பார்த்தார்.

“மூணு சங்கிலி போட்டுக்கிட்டு உதவி கேட்டா எப்படிம்மா?”

“நாலு பேரு கூடுற எடத்துக்கு வெறுங்கழுத்தோட வரலாமா தம்பி? இந்த மாசம் கட்டலன்னா காப்புறுதியே போயிடும் லா.”

“இல்லாதவங்களுக்குத்தாம்மா உதவி. அடுத்தவங்க வாங்க.”

அடுத்து நின்றது பக்கத்து வீட்டு யோகேஸ்வரி. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான். செயலாளர் உச்சுக்கொட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வாசலுக்கு வந்ததும் செல்லம் மூன்று சங்கிலிகளையும் கழற்றி நீட்டினாள்.

“இந்தா யோகு, உன் நகை.”

யோகேஸ்வரி வாங்கி மாட்டிக்கொண்டாள்.

“நல்லவேளைக்கா, காலையில வந்து இரவல் கேட்டீங்க. இல்லன்னா எனக்கும் கிடைச்சிருக்காது.”