நாளைய பந்தயத்துக்கு ஒரு கூண்டு

எடை குறைவென்று சிபி பார்த்துப் பார்த்து வாங்கிவந்த கூண்டைத் தேவசகாயம் தன் பட்டறையில் துளையிட்டு அளந்தார். பந்தயக் கார் உருண்டால் ஓட்டுபவனைக் காக்க வேண்டிய கூண்டு. குழாயின் சுவர் இருக்க வேண்டிய தடிமனில் பாதிகூட இல்லை.

“பந்தல் போடற பைப்புடா இது! தலை நசுங்கிச் சாகப்போறயா?”

“நாளைக்கு நான் ஜெயிச்சிருவேன்னு பயமுங்களாண்ணா? வேற பட்டறையில மாட்டிக்கறேன்.”

மாட்டித்தான் கொடுப்பார்கள். தேவசகாயம் கட்டிங் மெஷினை எடுத்து அந்தக் கூண்டை இரண்டாக அறுத்துப்போட்டார். சிபி கத்திக்கொண்டு பாய்ந்தான். அவனைத் தள்ளிவிட்டு, நாளைக்குத் தயாராக நின்ற தன் காருக்குள் குனிந்தார். சிபியின் காரும் அதே மாடல். அதிலிருந்த கூண்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

சிபியின் குரல் இறங்கியது. “அப்ப நீங்க எதுல ஓட்டுவீங்ணா?”

“வாய மூடிட்டு அந்தப் பக்கம் பிடிடா, மடையா.”