எறும்பு சொன்ன ரிசல்ட்

குழந்தைசாமி ஒன்றுக்குப் போகும் இடமெல்லாம் தித்தித்தது. அதனால் அவர் வீட்டு பாத்ரூமில் ஒரு கட்டெறும்பும் அதன் சிநேகிதன் சிற்றெறும்பும் கூட்டத்தோடு வந்து மொய்த்தன.

“என்னங்க, இத்தனை எறும்பு வருதே, உங்களுக்குச் சர்க்கரையா இருக்கும். ரத்தம் கொடுத்து டெஸ்ட் பண்ணிப் பாருங்க” என்றாள் மனைவி.

“டெஸ்ட் எடுத்தாத்தான்டி வியாதியே வரும்!” என்றார் அவர்.

சிற்றெறும்பு வயிற்றைத் தள்ளிக்கொண்டு, “எடுத்தாத்தான்டி வரும்!” என்று அவரைப் போலவே பேசிக் காட்டியது. கட்டெறும்பு சிரித்து முடிப்பதற்குள், அவர் எறும்புப் பொடியை அள்ளிக் கொட்டினார். சிற்றெறும்பும் கூட்டமும் அங்கேயே சுருண்டன.

“அடேய் தடியா! சொல்ல வந்தவங்களையே கொல்லுவியா? சர்க்கரை உனக்கு, சாவு எங்களுக்கா?” என்று கத்திக்கொண்டே, தப்பித்த கட்டெறும்பு அவர் கால் கட்டைவிரலில் ஏறி வெறியோடு கடித்தது. தோல் கன்றிச் சிவந்தது. அவருக்கு அது உறைக்கவே இல்லை; காலை உதறவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“பாத்தியா, ஒரு எறும்புகூட இல்லை! சர்க்கரையாம் சர்க்கரை. காபிக்கு இன்னொரு ஸ்பூன் போடுடி” என்று குரல் கொடுத்துவிட்டு நடந்தார். கட்டைவிரலில் தொங்கியபடியே கட்டெறும்பு இன்னும் கடித்துக்கொண்டிருந்தது.