மூக்குக்குள் வடிகட்டி

காய்ச்சல் வார்டு நர்ஸ்களுக்கெல்லாம் மூக்குக்குள் வடிகட்டி பொருத்திவிட்டார்கள். கிருமி உள்ளே போகாது, வாசனையும் போகாது. பிடுங்கினால் புண் ஆறி வேறு வைக்க மாதக்கணக்காகும். அதுவரை வெறும் மூக்கோடுதான் டூட்டி.

மரியபுஷ்பத்துக்குக் குழம்பு தீய்வது தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை. குடியை விட்டுவிட்டதாகச் சொல்லும் புருஷன் செல்வின் வீடு திரும்பும் நேரம்தான் இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பாள்.

இன்று அவன் நேரே அவளிடம் வந்து, கேட்காமலே முகத்தில் ஊதினான். "போதுமா புஷ்பம்?"

குடித்த காலத்தில் ஊதச் சொன்னால் அடிக்க வருவான். இப்போது எதற்குத் தானாக ஊதுகிறான்? இவளுக்கு வாசனை தெரியாது என்கிற தைரியமா?

"இன்னொரு தடவை ஊதுங்க" என்றவள், விரலை விட்டு வடிகட்டியைப் பிடுங்கினாள்.

அவன் ஊதினான். ரத்த வாடையோடு சுக்குக்காப்பி மட்டும்தான் மணந்தது.

விடிந்தால் வார்டுக்குப் போகவேண்டும்.